பெயர் நீக்கிய நகல்

லண்டனில் சட்ட மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஏறக்குறைய ஓராண்டு மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் தன் பேராசிரியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் என்னை ‘ஆராய்ச்சி உதவியாளர்’ என்று குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். கரும்புத் தோட்டங்களில் கலகம் நடந்த வருடம் என் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரோடு சேர்ந்து நானும் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம், பிறர் எழுதிக் கொடுத்ததை நகலெடுக்கும்போது கண்ணில் பட்டவைதான். இப்படிப்பட்டவனை உதவியாளர் என்று எழுதினால், நாளைக்கு யாராவது கப்பலேறி வந்து “எங்கே உன் சான்றிதழ்?” என்று கேட்பார்களோ என்று உண்மையாகவே பயந்தேன்.

எங்கள் தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நகல் எழுத்தராக இருந்தேன். சுதந்திரம் வேண்டும் என்று ஒருவர் சுவரில் எழுத, மறுநாள் இன்னொருவர் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து வேண்டாம் என்று எழுதிய காலம் அது. ஆராய்ச்சிக்காகத் தீவுக்குத் திரும்பியிருந்த அந்த லண்டன்காரர் முதலாளியின் நண்பருடைய மகன். எங்கள் அலுவலகத்தில் ஒரு மேசையையும், சட்டப் புத்தக அலமாரிச் சாவியையும், என்னையும் அவருக்கு இரவல் கொடுத்தார்கள். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. முதல் நாளிலிருந்தே என்னை நீ என்றார். நான் அவரை மிஸ்யே, அதாவது ஐயா, என்றேன். பேசிக்கொண்டதெல்லாம் தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில்தான். அந்த மொழியில் நீ என்பது எவ்வளவு குத்தும் என்று எங்கள் தீவில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலில் தாலி கட்டி, சிவில் அலுவலகத்தில் பதியாமல் விட்ட கல்யாணங்களைச் சட்டம் என்னவாகப் பார்க்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பேராசிரியர் அதைப் படித்துப் பார்த்துப் பட்டம் கொடுப்பாராம். எங்கள் ஜனங்களில் பாதிப் பேர் அப்படிக் கல்யாணம் செய்தவர்கள்தான். ஆனால் தாலிக்கும் கழுத்துச் சங்கிலிக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதர் அதைப்பற்றி எழுதப் புறப்பட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது.

“தாலி கட்டினதுக்கு ரசீது ஏதாவது கொடுப்பார்களா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“ஊரே பார்த்துக்கிட்டு நிக்குமே மிஸ்யே, அப்புறம் ரசீது எதுக்கு?”

“ஊரைக் கோப்பில் வைக்க முடியாது.”

தீர்ப்புகளைத் தேடி எடுத்துக் குறிப்பெழுதுவது என் வேலை. எழுதிக் கொண்டுபோனால் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ஒரு வரியின்மேல் விரலை வைப்பார்.

“இதைச் சொன்னது யார்?”

“தீர்ப்பு.”

“தீர்ப்புக்கு வாய் இருக்கிறதா? எந்த நீதிபதி? வழக்கை முடித்துவைத்த சொல்லா இது, போகிற போக்கில் சொன்னதா?”

எனக்கு இரண்டும் ஒரே அச்சில், ஒரே அளவு எழுத்தில்தான் தெரிந்தன. ஒருமுறை மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சட்டத்தை முழுவதுமாக நகலெடுத்தேன். அது எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது என்று அடுத்த தொகுதியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததாம். “செத்த சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய், கொள்ளி வைக்கவா?” என்றார். பக்கத்து அறையில் தட்டச்சுப் பெண் சிரித்தது கேட்டது. அன்றிலிருந்து எந்தச் சட்டத்தைத் தொட்டாலும் அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வக்குவாவில் என் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பாதி வழியில், அலமாரியைப் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். இரண்டு தடவை இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். பூட்டியே இருந்தது.

அவரை வெறுத்தேன். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது மண்டையில் ஏறிக்கொண்டே இருந்தது. அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

ஒரு நாள் பேராசிரியரிடமிருந்து நீலத்தாள் கடிதம் வந்தது. மிஸ்யே அதைப் படித்து முகத்தைச் சுளித்தார். பதியாமல் கல்யாணம் செய்த பெண்களிடம் போய்க் கேட்கப்போகிறாயே, எதற்குக் கேட்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியுமா? வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு உண்டா? அவர்கள் யாரென்று படிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க என்ன வழி செய்திருக்கிறாய்? இப்படி வரிசையாகக் கேள்விகள்.

“அங்க உக்காந்திருக்கிற அவருக்கு எங்க ஊர் பொம்பளைங்க மேல என்ன இவ்வளவு அக்கறை?” என்று கேட்டேன்.

“அக்கறை இல்லை. ஒழுங்கு. அது இல்லையென்றால் பட்டம் இல்லை.”

அவருக்கு வேண்டியது பட்டம் என்று தெரிந்துகொண்டேன். அவர் ஒரு தாள் தயாரித்தார். போகிற வீட்டில் எல்லாம் நான் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: சொல்ல இஷ்டமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம், சொன்னாலும் பெயர் வராது. சுத்தப் பிரதி எழுதியதும், பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டேன் என்று அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும். “பெயர் வந்தால் பொறுப்பு உன்னுடையது,” என்றார்.

தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் போதவில்லை. அதனால், தாளை ஒத்திகை பார்க்கவும் ஊரில் பதியாதவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளவும் முதலில் சின்னம்மாவிடம் போனேன். என் அம்மாவின் தங்கை. தீவின் தெற்கே சவான் பக்கம், கரும்புக்கு நடுவே ஒரு ஊர். எது என்று எழுதப்போவதில்லை. சித்தப்பா இறந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சித்தப்பா வாங்கிய மனையில் அவர்களே கட்டிய தகர வீட்டில் சின்னம்மா தனியாக இருந்தார். தாளில் உள்ளதை ஒப்பித்தேன்.

“என்னடா, பாதிரியார் மாதிரி ஓதுற?” என்று சிரித்தார் சின்னம்மா. “கேளு, கேட்டுத் தொலை.”

அவர்கள் கல்யாணம் சிவிலிலும் நடந்தது என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று அவர் கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல், சொல்லிவிட்டார். கோயிலில் தாலி கட்டிய அடுத்த வாரம் இருவரும் சிவில் அலுவலகத்துக்குப் போனார்களாம். சித்தப்பாவின் பிறப்புச் சீட்டில் குடும்பப் பெயர் ஒரு மாதிரி, அவருடைய அப்பாவின் கல்யாணச் சீட்டில் வேறு மாதிரி. சரிசெய்து கொண்டு வா என்று குமாஸ்தா திருப்பி அனுப்பிவிட்டாராம். வீட்டுக்கு வந்து, ஆயிற்று என்று சொல்லிவிட்டார்கள். வெட்கம்தான் காரணம். பிறகு போகவே இல்லை.

“உங்க சித்தப்பாவுக்கும் எனக்கும் தெரியும். இப்ப உனக்குத் தெரியும். என் கொழுந்தனுக்குத் தெரிஞ்சா நான் ரோட்டுல நிப்பேன். புரியுதா?”

புரிந்தது. அலுவலகத்தில் தினமும் பார்க்கிற விஷயம்தான் அது. கல்யாணம் பதிவாகியிருந்தால் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பாதி. பதியாவிட்டால் அவள் சட்டத்துக்கு அந்நியள். எல்லாம் கணவனுடைய தம்பிக்கு. பாதி அண்ணிக்கு என்று நம்பிக்கொண்டிருந்ததால்தான் கொழுந்தன் அதுவரை சும்மா இருந்தார்.

“பேர் வராது சின்னம்மா,” என்றேன்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று காகிதப் பெயர். பிறந்தபோது சிவில் அலுவலகத்தில் குமாஸ்தாவுக்குக் காதில் விழுந்தபடி எழுதியது. அது பெட்டிக்குள் கிடக்கும். சில வீடுகளில் கணவனுக்கே மனைவியின் காகிதப் பெயர் சரியாகத் தெரியாது. மற்றது வீட்டுப் பெயர். ஏதோ ஒரு சம்பவத்தால், ஒரு கேலியால், ஒரு பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர், பூசாரி, பஸ் கண்டக்டர் எல்லோரும் அதைத்தான் கூப்பிடுவார்கள். நான் சட்ட அலுவலகத்தில் வளர்ந்தவன். காகிதத்தில் உள்ளதுதான் பெயர் என்று பழகியவன். சுத்தப் பிரதியில் சின்னம்மாவின் காகிதப் பெயரை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வீட்டுப் பெயரைப் போட்டேன். பிறகு நான் போய்க் கேட்ட மற்றப் பெண்களுக்கும் அப்படியே செய்தேன். எந்த நீதிமன்றத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாகக் கையெழுத்தும் போட்டேன். வாழ்நாளில் கவலைப்படாமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

மிஸ்யே படித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். “பெயர்களை நன்றாகக் கற்பனை செய்திருக்கிறாய்.” அவர் நகரத்தில் பிறந்தவர், அப்படி நினைத்தார். நான் அவரைத் திருத்தவில்லை. அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

வக்குவாவில் ஒரு மண்டபத்தில், ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் கூடிய கூட்டத்தில் அவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சின் ஒரு பகுதியை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை போட்டது. பெயர்கள் ரசமாக இருந்ததால் அவற்றையும் சேர்த்தே போட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டு முற்றத்தில் நான் நுழைந்தபோது கொழுந்தன் அங்கே நின்றிருந்தார். அவருடைய மகள் பள்ளி ஆசிரியை. அவள்தான் படித்துச் சொல்லியிருக்கிறாள். பத்திரிகை அவர் கக்கத்தில் இருந்தது. வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பேர்.

“இதோ, பத்திரிகைக்காரரே வந்துட்டார்,” என்றார் என்னைப் பார்த்து. பிறகு சின்னம்மா பக்கம் திரும்பினார். “இனிமே உங்கள அண்ணின்னு கூப்பிடணுமா வேண்டாமா? எனக்குச் சட்டம் தெரியாது, அதான் கேக்கறேன்.”

“இருபது வருஷமா என் கையால சாப்பிட்டியே, அப்ப கேட்டிருக்கலாமே!”

“அப்ப நீங்க பொய் சொல்லிட்டு இருந்தீங்க.”

“பொய் சொன்னது உங்க அண்ணனும்தான். போ, சுடுகாட்டுல போய்க் கேளு.”

வேலிக்கு வெளியே யாரோ, “ஆயோ மாமா!” என்றார்கள், கிரியோலில் ‘ஐயோ அம்மா’ என்பதுபோல. யாரோ சின்னம்மாவின் வீட்டுப் பெயரைச் சொல்லி, “மத்மஸேல்” என்று அதற்கு முன்னால் சேர்த்துக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகாத பெண்களை அப்படி அழைப்பார்கள். சிரிப்பு எழுந்தது. கொழுந்தன் மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். அழவில்லை. “பேர் வராதுன்னு சொன்னியே.”

“உங்க பேர் வரல சின்னம்மா. காகிதத்துல இருக்கிறது…”

“காகிதத்துல இருக்கிறவ யாருடா? எனக்கே அவளத் தெரியாது. இவனுங்களுக்குத் தெரிஞ்சது நான்தான். என்னைத்தானே எழுதின?”

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னைக் கண்டு தன் வாயைப் பொத்திக் காட்டி, பக்கத்திலிருந்தவரிடம், “வாய மூடு, எழுதிடுவான்,” என்றார். பஸ் வர அரை மணி நேரமாயிற்று. அதுவரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மிஸ்யேயின் மேசைமுன் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாய் வெளுக்கவில்லை.

“நீக்கிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.”

“நீங்க பாத்தீங்க. நல்ல கற்பனைன்னு சொன்னீங்க.”

“கற்பனை என்று நீ சொல்லியிருந்தாயா?”

“நிஜமான்னு நீங்க கேட்டீங்களா? எல்லாத்துக்கும் யார் சொன்னது யார் சொன்னதுன்னு கேப்பீங்களே, இதுக்கு மட்டும் ஏன் கேக்கல? சிரிப்பு வந்ததால கேக்கல.”

நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். “பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்க மிஸ்யே. அந்தக் கதை மட்டும் கற்பனைன்னு. அவங்க வீடு தப்பிச்சுடும்.”

“ஒன்றைக் கற்பனை என்று எழுதினால் மற்றதெல்லாம் என்ன ஆகும்?”

“மற்றதெல்லாம் என் சின்னம்மா இல்லையே!”

“நடந்ததை நடக்கவில்லை என்று எழுத மாட்டேன். அவளுக்காகவும் மாட்டேன், உனக்காகவும் மாட்டேன்.”

பட்டத்துக்காகத்தான் மாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கதவைக் காட்டினார். நான் கதவுவரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. அப்போதும் கோபமான குரல்தான். “நிலப் பத்திரத்தைப் பார்த்தாயா?”

“சித்தப்பா வாங்கின நிலம்னு எல்லாருக்கும் தெரியும்.”

“எல்லாருக்கும் தெரியும் என்பது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?”

சித்தப்பாவிடம் இருந்த நகல், பெரிய புயலில் கூரையோடு போய்விட்டது. கொழுந்தனிடமும் எதுவும் இல்லை. யாரும் தேடவும் இல்லை. மாயெபூரில் இருந்த ஒரு நோட்டரிதான் எழுதியது என்று மட்டும் சின்னம்மாவிடம், வேலிக்கு வெளியே நின்றுகொண்டே, கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நோட்டரி இறந்துபோயிருந்தார். அவர் வைத்திருந்த அசல்களெல்லாம் அவருக்குப்பின் வந்தவரிடம் இருந்தன. முதலாளியின் கடிதத்தோடு போனேன். அங்கிருந்த எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வருடம் என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாமல் எதற்கு வந்தாய் என்றார். வருடம் தெரியாவிட்டால் அட்டவணையில் பெயரைப் பிடித்துத் தேட வேண்டும். சித்தப்பாவின் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று முந்தைய நாளே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கடைசிக்கு முந்தைய விதத்தில் கிடைத்தது.

நின்றுகொண்டே படித்தேன். வாங்கியவர்: சித்தப்பாவின் காகிதப் பெயர். அத்தோடு முடியவில்லை. ‘மற்றும், மணமாகாதவர்’ என்று போட்டு, ஒரு பெண்ணின் காகிதப் பெயர். இருவரும் சரிபாதி. கீழே, எழுதத் தெரியாத காரணத்தால் என்று குறித்து, ஒரு கட்டைவிரல் ரேகை. சிவில் சான்று இல்லாததால் அந்த நோட்டரி அவர்களைக் கணவன் மனைவி என்று எழுத மறுத்திருக்க வேண்டும். இரண்டு அந்நியர்களாக எழுதிவிட்டார். அல்லது சித்தப்பாவே அப்படி எழுதச் சொன்னாரோ என்னவோ, அதற்குச் சான்று இல்லை, எனவே எழுத எனக்கு உரிமையில்லை. பத்திரம் பிரெஞ்சில் படிக்கப்பட்டது. சாட்சிக்கு வைக்கிறோம் என்று நினைத்துத்தான் விரலை வைத்ததாகச் சின்னம்மா பிறகு சொன்னார்.

இது நீக்கப்பட்டதா, பின்னால் வேறு விற்பனை ஏதும் உண்டா என்று நிலப் பதிவு அலுவலகத்தில் இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் இன்னொரு தடவை பார்த்தேன். பத்திரம் உயிரோடுதான் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில்தான் அதைப் படித்தார்கள். கொழுந்தன் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். சின்னம்மா முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். முதலாளி பிரெஞ்சில் படித்து, கிரியோலில் சொன்னார். மணமாகாதவர் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தவில்லை. கொழுந்தனுக்கு அது பிடித்திருந்தது. “இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்யே, சரியாக் கேக்கல,” என்றார். முதலாளி இன்னொரு தடவை படித்தார். சரிபாதி என்ற வார்த்தையைக் கேட்டபோது கொழுந்தனின் முகம் மாறியது.

“அப்ப பொண்டாட்டியா இருந்தாலும் பாதி, இல்லன்னாலும் பாதியா?” என்றார்.

“அவள் பங்கு அவள் வாங்கியது. கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை,” என்றார் முதலாளி.

பாதி வீடு தப்பித்தது. மனையின் குறுக்கே தகரத் தடுப்பு வந்தது. முன்வாசல் கொழுந்தன் பக்கம் போயிற்று. சின்னம்மாவுக்குச் சமையலறையும் பின்னறையும். அவர் வீட்டுக்குப் போக இனிமேல் கரும்புக் காட்டு ஓரமாகச் சுற்றி வர வேண்டும்.

சில வாரம் கழித்து மிஸ்யே என்னோடு அங்கே வந்தார். இந்தப் பத்திரம் தன் ஆய்வேட்டுக்கு மிக முக்கியம், ஆனால் இந்தமுறை தானே நேரில் கேட்க வேண்டும் என்றார். சின்னம்மா பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தார்.

“அந்தக் கோட்டுக்காரன் அங்கயே நிக்கட்டும். நீ மட்டும் வா.”

மிஸ்யே கரும்போரத்தில், வெயிலில், கேட்க வந்ததைக் கத்திக் கேட்டார். சின்னம்மா, “வேண்டாம்னு சொல்லு,” என்றார் என்னிடம். அவருக்கே கேட்டிருக்கும். இருந்தாலும் வெளியே போய்ச் சொன்னேன். அவர் தலையசைத்தார். பத்திரத்தையும் சின்னம்மாவின் கதையையும் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தும் விட்டார். தட்டச்சு செய்தவன் நான், எனக்குத் தெரியும். மற்றப் பெண்கள் பெயரையும் எடுத்துவிட்டு, எழுத்தும் எண்ணும் போட்டோம். அவர்களிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னார். நான்தான் போனேன். இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

அன்று நான் உள்ளே திரும்பியபோது சின்னம்மா, “அன்னைக்கு எழுதினியே, அது எங்க?” என்று கேட்டார். கைப்பிரதி பையில் இருந்தது. ஆராய்ச்சிக் குறிப்புகள் யாருக்குச் சொந்தம் என்று மிஸ்யே ஒரு தடவை நீண்ட பாடம் எடுத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

“படி.”

அவர் அடுப்புக்கு அருகில் பலகையில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே படித்தேன். உட்காரச் சொல்லவில்லை. சிவில் அலுவலகத்துக்குப் போன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“திங்கக்கெழமைன்னா எழுதியிருக்க? செவ்வாய்க்கெழமைடா. திங்கக்கெழமை அவருக்கு ஆலையில வேலை. ஒழுங்கா எழுதக்கூட வரல, இவனெல்லாம்…”

பேனாவை எடுத்துத் திருத்தினேன். மீதியையும் படித்தேன். முடிந்ததும் கையை நீட்டினார். தாள்களைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

“வேற எங்கயாவது இருக்கா?”

“இல்ல சின்னம்மா.”

“சத்தியமா?”

அலமாரியில் தட்டச்சுப் பிரதியின் கார்பன் தாள் ஒன்று கிடக்கக்கூடும் என்று ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

“தபால்ல அனுப்பு. நீ வராத,” என்றார். கதவை அவரே திறந்துவிட்டார்.